நாற்பது வளைவுகளும் இரண்டு சரிவுகளும்

பொள்ளாச்சியில் புறப்பட்டு ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகும் சாலை ஆனைமலையை வடக்கே ஏறித் தென்மேற்கே இறங்கிக் கடக்கிறது. பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே 64 கிலோமீட்டர். வால்பாறையிலிருந்து சாலக்குடிக்கு ஏறத்தாழ 107 கிலோமீட்டர். கணக்குப்படி ஒரே பகலில் ஓட்டி முடித்துவிடலாம். குழந்தைகளும் முதியவர்களும் காரில் இருந்து, கையில் கேமராவும் இருந்தால் அப்படி ஓட்டுவது வீண். வால்பாறையில் ஓர் இரவு தங்கி, ஏறுவதற்கு ஒரு பகலும் இறங்குவதற்கு ஒரு பகலும் ஒதுக்குவதே இந்தச் சாலைக்குப் பொருத்தம்.

இந்த வழி முழுவதும் கண்ணில் படுவது தண்ணீர். ஆனைமலையில் பெய்யும் மழை இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டியது. அதன் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பிக் கொங்குச் சமவெளிக்குக் கொண்டுவருவதுதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு, தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகியவை மலையில் ஓடுபவை. ஆழியாறும் பாலாறும் சமவெளிக்கு வருபவை. இந்த எட்டையும் அணைகள், சுரங்கங்கள், கால்வாய்கள் வழியாக இணைத்து, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது குறித்துத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏறும் சரிவில் திருப்பிவிடப்பட்ட தண்ணீரையும், இறங்கும் சரிவில் தன் போக்கில் விழும் தண்ணீரையும் பார்க்க முடிகிறது. சமவெளித் தென்னந்தோப்பும் மலையுச்சி நீர்த்தேக்கமும் ஒரே கதையின் இரு முனைகள் என்பது தெரிந்தால், எதைப் படம் எடுப்பது என்ற குழப்பமும் பாதி குறையும்.

பொள்ளாச்சியிலிருந்து அங்கலக்குறிச்சி வழியாக ஆழியாறு வரை சாலை நேரானது. இரு பக்கமும் தென்னை. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாகக் கிராமம் என்று காட்டிவரும் இடங்கள் இவை. ஆகவே இங்கே எடுக்கும் எந்தப் படமும் ஏற்கெனவே பார்த்தது போலவே இருக்கும். ஓர் இளநீருக்கு நிறுத்தினால் போதும். காலை உணவைப் பொள்ளாச்சியிலேயே அளவாக முடித்துக்கொண்டு, குமட்டல் வருபவர்களை முன்இருக்கைக்கு மாற்றிவிடுவது மலையேற்றத்துக்கு நல்ல முன்னேற்பாடு. வளைவுகளில் தலையைக் குனிந்து கேமராத் திரையையோ செல்பேசியையோ பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் வயிற்றைப் புரட்டும். எடுத்த படங்களை அலசுவதை வால்பாறை போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆழியாறு அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நாளிதழ்களில் அன்றாடம் வரும் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது பயன்படும். அணை நிரம்பியிருக்கும்போது மலை நேராக நீரிலிருந்து எழுகிறது. நீர் வற்றிய மாதங்களில் நடுவே சேற்று வண்ணத்தில் அகலமான ஒரு பட்டை தெரியும். அணைக்கரையில் நிற்பவர் தெற்கு நோக்கி மலையைப் பார்க்கிறார். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்வானில் சாய்ந்து போவதால், நண்பகலில் எடுத்தால் மலை வெளிறிய நீலத் திரையாகிவிடும். அதிகாலையில் கிழக்கிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் மலை மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். காற்று எழும்புவதற்கு முன்பு நீர் அசையாமல் இருக்கும் என்பதும் அந்நேரத்துக்கு இன்னொரு சிறப்பு. குடும்பத்தோடு எடுக்கும் படத்துக்கும் இதே நேரம்தான் உகந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் எல்லார் கண்ணுக்குக் கீழும் நிழல் விழுந்து முகம் கெட்டுவிடும்.

அணையைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச்சாவடி. இங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1976இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு இது. பிளாஸ்டிக் பொருட்களும் மதுவும் உள்ளே போகாதபடி வண்டிகளைச் சோதிக்கிறார்கள். சாலை திறந்திருக்கும் நேரம், இ-பாஸ் போன்ற விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் முதல்நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். சாவடிக்கு மேலே கவியருவி எனப்படும் குரங்கு அருவி. நீர்வரத்து அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள். வறண்ட காலத்தில் பாறை மட்டும் இருக்கும். பெயருக்கேற்ற குரங்குகள் ஆண்டு முழுவதும் உண்டு. கார் கண்ணாடியை இறக்கி முறுக்கு நீட்டுபவர்கள்தான் அவற்றைச் சாலைக்குப் பழக்குகிறார்கள். ஒரு படத்துக்காகப் போடும் ஒரு பிஸ்கட், அந்தக் குரங்கை அடுத்த வண்டியின் சக்கரத்துக்குக் கீழே அனுப்பிவிடக்கூடும்.

கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு மேல் தொடங்குகின்றன. மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் எண் பலகை நட்டிருப்பதால், பின்இருக்கைக் குழந்தைகளுக்கு எண்ணிக்கொண்டே வருவது நல்ல பொழுதுபோக்கு. ஓட்டுபவருக்கு வேலை வேறு. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். வளைவில் எதிரே பேருந்து தெரிந்தால் இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி, அது இன்றும் சரியே. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். படம் எடுக்க வளைவின் நடுவே வண்டியை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. இந்தச் சாலையில் அதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. நிறுத்துவதற்கென்றே சில இடங்களில் சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஓடும் வண்டியிலிருந்து கண்ணாடிக்கு அருகில், ஆனால் அதில் படாமல், லென்ஸை வைத்து எடுக்கலாம். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடியோ அதைவிட விரைவாகவோ இருந்தால் ஓரளவு தெளிவான படம் கிடைக்கும். லென்ஸ் கண்ணாடியைத் தொட்டால் வண்டியின் அதிர்வு படத்திலும் ஏறிவிடும்.

ஒன்பதாவது வளைவில் இருப்பது லோம்ஸ் காட்சிமுனை. இந்த மலைச்சாலையை அமைத்த பொறியாளர் லோம் பெயரைத் தாங்கியது. கீழே கரையிலிருந்து பார்த்த அதே ஆழியாறு நீர்த்தேக்கம், இப்போது காலடியில். இங்கே நிற்பவர் வடக்கு நோக்கிப் பார்க்கிறார். அதனால் குளிர்காலத்தில் சூரியன் பெரும்பாலும் முதுகுப்புறமே இருக்கும். அணைக்கரையில் சரிவராத நண்பகல் வெளிச்சம் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. நீருக்கு அப்பால் தென்னந்தோப்புகள், அதற்கும் அப்பால் புழுதி நிறத்தில் கலைந்துபோகும் சமவெளி. போலரைசர் வடிகட்டி இருந்தால் நீர்ப்பரப்பின் பளபளப்பும் வானின் வெளுப்பும் குறையும். அது இல்லாதவர்கள் மழைக்கு மறுநாள் காலை வந்தால் போதும். தூசி அடங்கிக் காற்று தெளிந்திருக்கும்.

இந்த வளைவை அடுத்த பாறைகளிலும் சாலையின் தடுப்புச் சுவர்களிலும் வரையாடுகள் நிற்பதைப் பலர் முதன்முறை நம்புவதில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பல இடங்களில் தொலைநோக்கியில் தேட வேண்டிய அந்த விலங்கு, இங்கே வண்டிகளுக்குப் பழகிப்போய்ச் சாலையோரத்தில் புல் மேய்கிறது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் கிடைத்த எண்ணிக்கை 1,031. அத்தனை அரிய ஒன்று செல்பேசிக் கேமராவுக்கே எட்டும் தூரத்தில் நிற்பதால், இன்னும் இரண்டடி கிட்டே போகலாம் என்ற ஆசை வரும். வண்டியிலிருந்து இறங்காமல், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் ஆடு தன் வேலையைப் பார்க்கும். நல்ல படமும் அப்போதுதான் வரும். விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டாமல், பின்னால் பாறையும் பள்ளத்தாக்கும் தெரியும்படி எடுத்தால், அது எந்த மாதிரி இடத்தில் வாழும் உயிர் என்பது படத்தைப் பார்ப்பவருக்கும் புரியும்.

ஆட்டகட்டியை நெருங்கும்போது காற்று மாறுகிறது. சமவெளியின் காய்ந்த வாசனை போய் ஈரமண் வாசனை வருகிறது. குளிரூட்டியை அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பது இங்கே கேமராவுக்கும் நல்லது. குளிர்ந்த வண்டியிலிருந்து ஈரக்காற்றுக்குள் எடுத்த லென்ஸில் உடனே நீர்த்துளி படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். பையைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருந்தால் தொல்லை இல்லை. இந்தப் பகுதியில்தான் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. நான்கு நூறு மெகாவாட் எந்திரங்கள், எல்லாம் நிலத்தடியில். மின்தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாறு அணை நீரை மேலே ஏற்றிவைத்து, தேவை கூடும் நேரத்தில் மீண்டும் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். சாலையில் போகிறவருக்கு மின்கம்பிகளும் வழிகாட்டிப் பலகையும் தவிர வேறொன்றும் தெரியாது.

அதற்கு மேல் தேயிலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் தோட்டங்களின் நடுவே வால்பாறை ஒரு சிறு கடைவீதியாக இருக்கிறது. குன்றுகளை வழித்துச் சீவியது போலத் தேயிலைச் செடிகள், இடையிடையே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சில்வர் ஓக் மரங்கள், ஆங்காங்கே தொழிலாளர்கள் வாழும் லைன் வீடுகளின் தகரக் கூரைகள். நாட்காட்டிப் படங்களுக்குப் பழகிய கண் இதை இயற்கைக் காட்சி என்று எடுத்துக்கொள்கிறது. அது இயற்கையின் வேலை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகவும், அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலைக்காகவும் மழைக்காட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு மனிதர்கள் உருவாக்கிய நிலம். தேயிலைத் தோட்டங்களின் முன்னோடியான கார்வர் மார்ஷுக்குச் சாலையோரத்தில் சிலை இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அங்கே தவறாமல் நிற்கின்றன.

காட்டை வெட்டிச் செடி நட்டவர்களுக்கு அப்படி ஒரு சிலை இல்லை. திருநெல்வேலி போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த குடும்பங்கள் அவை. மலேரியாவிலும் குளிரிலும் மாண்டவர்கள் போக மற்றவர்கள் கடனிலேயே உழன்றார்கள். தோட்ட மருத்துவமனைகளில் மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல் இதை 1969இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் தமிழில் தந்த மொழிபெயர்ப்பின் பெயர் 'எரியும் பனிக்காடு'. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு (2013) அடிப்படை இந்த நாவலே. வால்பாறைக்குப் போகும் முன் இதைப் படித்தவர் எடுக்கும் தேயிலைப் படமும் படிக்காதவர் எடுக்கும் படமும் நிச்சயம் வேறு வேறாக இருக்கும். பச்சைக் குன்றை மட்டும் எடுத்துத் திரும்புவது பாதி இடத்தை மட்டும் பார்த்ததற்குச் சமம். லைன் வீடும், தேயிலை ஆலையின் புகைபோக்கியும், முதுகில் கூடையோடு சரிவில் ஏறும் பெண்ணும் சேர்ந்ததுதான் வால்பாறை.

அந்தப் பெண்ணைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்துவிட்டுத் தலையாட்டுவார்கள், வேண்டாம் என்று கைகாட்டினால் அத்தோடு நகர்ந்துவிடுவதே முறை. எடைக்கேற்ற கூலிக்கு வேலை நடக்கும் நேரம் அது. அவர்களை நிறுத்திவைத்துக் கோணம் பார்ப்பது அவர்கள் சம்பளத்தில் கைவைப்பது. இப்போது கையால் கொழுந்து கிள்ளுவது குறைந்து, பை கட்டிய கத்திரியால் வெட்டுவதும் எந்திரத்தால் அறுப்பதும் பரவியிருக்கின்றன. பழைய தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கிவிட, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். கவாத்து வெட்டிய பகுதிகள் காய்ந்த குச்சிகளாய்த் தெரியும். அதைப் பார்த்துத் தோட்டம் பட்டுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை.

வெளிச்சக் கணக்கு தேயிலையில் தலைகீழாகிறது. செடியின் கரும்பச்சையைப் பார்த்துக் கேமரா இருட்டு என்று எண்ணி, படத்தை வெளுக்கவைத்துவிடும். அங்கே எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேமரா அதை மிகையான வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு சாம்பலாக்கிவிடும். அப்போது கூட்ட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மூட்டம் நாள் முழுவதும் விலகாமல் இருக்கக்கூடும். வால்பாறைப் பகுதியில் உள்ள சின்னக்கல்லார் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் அட்டைகளுக்கும் பஞ்சமில்லை. மழை ஓய்ந்த பின் அருவிகளில் நீரும் இருக்கும், வானமும் திறக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற பருவம் அது.

தோட்டங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் தப்பிய சோலைத் துண்டுகள் சில உண்டு. நகரை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் எங்குமில்லாத இனம். மர உச்சியை விட்டு இறங்காத பழக்கம் கொண்டது. காடு துண்டானதால் சாலையைத் தரையில் கடக்கத் தொடங்கி, வண்டிகளில் அடிபட்டது. இப்போது சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குத் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கறுத்த உடலும் முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரியும் கேமராவுக்குச் சிக்கலான சேர்க்கை. பிடரியை அளவாகக் கொண்டு வெளிச்சம் வைத்தால் முகம் கரிக்கட்டையாகும், முகத்துக்கு வைத்தால் பிடரி வெளுத்துவிடும். மேகம் மூடிய வேளையில் இந்த வேறுபாடு தானே குறைந்துவிடும்.

யானைகளோடு தோட்டத்து மக்கள் வாழும் விதமும் இங்கே பார்க்க வேண்டியது. யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடவிடுவதும், செல்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளை உயரமான இடங்களில் எரியவிடுவதும் வால்பாறையில் நடைமுறை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. இரவில் மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதைச் சுற்றுலா வருபவரும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியலில் புறப்பட்டால் சோலையாறு அணையில் நல்ல வெளிச்சம் இருக்கும்போது நிற்கலாம். முழு நீர்மட்டம் 160 அடி கொண்ட இந்த அணையின் நீர் மானாம்பள்ளி மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து சுரங்கம், தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம் என்று இறங்கிக் கொங்கு நாட்டை அடைகிறது. அணைகளில் படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. டிரோன் பறக்கவிடுவதை இந்தப் பாதை முழுவதும் மறந்துவிட வேண்டும்.

மளுக்கப்பாறைச் சாவடியில் கேரளம் தொடங்குகிறது. வண்டி எண்ணையும் நேரத்தையும் பதிந்துகொண்டு, பகலில் மட்டும் உள்ளே விடுகிறார்கள். காட்டுக்குள் நின்று நின்று போனால் மறுமுனையான வாழச்சாலில் கேள்வி வரும். அடுத்த சில மணிநேரம் உணவகமோ பெட்ரோல் நிலையமோ கிடையாது என்பதால் வால்பாறையிலேயே எரிபொருள் நிரப்பி, சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டும். தேயிலை முடிந்து மழைக்காடு தொடங்குவது ஒரே வளைவில் நடந்துவிடுகிறது. முன்பு வால்பாறை முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தக் காட்டைப் பார்த்தே ஊகிக்க முடியும். நண்பகலிலும் உள்ளே அரையிருட்டு. ஐஎஸ்ஓவை 1600க்கு மேல் ஏற்றாமல் கையில் பிடித்து எடுக்க இயலாது.

கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காடுகளில் இருக்கின்றன. இனப்பெருக்க காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைக் கிட்டத்தட்ட முழுதும் அடைத்துக்கொள்கிறது. சிறு பிளவு வழியே ஆண் பறவை பழம் ஊட்டுகிறது. அந்தக் கூடுகளைத் தேடிக் கண்டு காவல் காப்பவர்கள் இக்காட்டின் பழங்குடிகளான காடர்கள். சாலையில் போகிறவருக்குப் பெரிய இருவாச்சி கண்ணில் படும் முன் காதில் விழும். மரங்களுக்கு மேலே பெருமூச்சு விடுவது போன்ற அந்த ஓசை அதன் இறகடிப்பு. கேமராவைத் தூக்குவதற்குள் பறவை போய்விடும். அதனால் வருந்த ஒன்றுமில்லை. குழந்தைகள் அந்த ஓசையை மறக்கமாட்டார்கள்.

வாழச்சாலில் ஆறு பாறைகளில் சரிந்து ஓடுகிறது. சில கிலோமீட்டர் கீழே அதிரப்பள்ளியில் ஏறத்தாழ 80 அடி விழுகிறது. சாலக்குடிப்புழை இது. சோலையாறும் பரம்பிக்குளமும் சேர்ந்து உருவாகும் ஆறு. கிழக்கே திருப்பியது போக எஞ்சிய நீர்தான் இந்த அருவி. இங்கே 163 மெகாவாட் மின்திட்டம் கட்டும் முயற்சியைக் காடர்களும் ஆற்றுப் பாதுகாப்பாளர்களும் பல ஆண்டுகள் எதிர்த்தனர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது 'புன்னகை மன்னன்' (1986) அருவி. மணிரத்னத்தின் 'ராவணன்' (2010) இங்கேயும் படமானது. மேலிருந்து பார்க்கும் இடத்தில் நீர் விளிம்பைத் தாண்டி மறைவது மட்டும் தெரிகிறது. படிக்கட்டுப் பாதையில் கீழே இறங்கினால்தான் அருவியின் முழு உயரம். முதியவர்களுக்கு ஏற்றம் கடினம் என்பதால் மேலேயே நிழலில் உட்காரவைக்கலாம். கீழே சாரல் லென்ஸை நனைத்துக்கொண்டே இருக்கும். முக்காலி வைத்து, ஷட்டரைக் கால் நொடிக்குத் தாழ்த்தினால் நீர் பட்டாகும். ஐந்நூறில் ஒரு நொடியில் எடுத்தால் துளி துளியாகும். இவ்வளவு கனமாக விழும் அருவிக்கு இரண்டாவது முறைதான் பொருந்துகிறது.

அதிரப்பள்ளியிலிருந்து சாலக்குடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ரப்பர்த் தோட்டங்களும் வீடுகளும் நிறைந்த தட்டையான வழி. வந்த வழியே திரும்ப நினைத்தால் மளுக்கப்பாறைச் சாவடி நேரம் இடம்கொடுக்காது. சாலக்குடியில் தேசிய நெடுஞ்சாலை 544ஐப் பிடித்துத் திருச்சூர், குதிரான் சுரங்கம், பாலக்காடு வழியாகக் கோவைக்குப் போவதே எளிது. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் இடையிலான பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவும் இல்லை.